எழுத்துக்குள் வைத்த கிளி

தேயிலைப் பெட்டியில் எழுத்து அடிப்பதுதான் என் வேலை. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தூள் நிரப்பி, ஈயத்தாளை மடித்து, மேல்பலகை அறைந்த பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். நான் அச்சுத்தகட்டைப் பலகைமேல் அழுத்திப் பிடித்துக் கரும்பூச்சால் குத்துவேன். தோட்டத்தின் பெயர், தூளின் தரம், எடை. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. ஐந்தாம் வகுப்புவரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எது நேர், எது தலைகீழ் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு தகுதியால்தான் மழையில் மலை வேலைக்குப் போகாமல் கூரைக்குக் கீழே நின்று பிழைத்தேன்.

ஆட்களோடு பேசுவது எனக்கு எப்போதும் கஷ்டம். சொல்ல நினைப்பது தொண்டையிலேயே நின்றுவிடும். வெளியே வந்தாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. பெட்டிகளோடு எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போது ரயில்கோச்சி பதுளைவரை வரவில்லை. எங்கள் பெட்டிகள் மாட்டுவண்டியில் பண்டாரவளைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பசறை ரோட்டில் நடந்து பதுளைக்குப் போவேன். அங்கே பலசரக்கும் நாட்டு மருந்தும் சேர்த்து விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடையில்தான் சாமான் வாங்குவது. ஒருநாள் அவர் சீனி சுற்றிக் கொடுத்த கடதாசியைப் பிரித்தபோது உள்பக்கத்தில் ஒரு படம் இருந்தது. சீனியை அங்கேயே சட்டைத்துணியில் கொட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தேன்.

ஒரே ஒரு எழுத்து. ஆனால் அது பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது. அதன் வாலிலிருந்து ஒரு கொடி முளைத்து ஓரமெல்லாம் சுற்றிப் படர்ந்திருந்தது. எழுத்தின் வயிற்றுக்குள், ஒரு அறைக்குள் இருப்பதுபோல, தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பொன்னிறம். கீழே ஒரு வீரன் ஈட்டியை நீட்டிக்கொண்டு ஒரு நத்தையோடு சண்டைக்கு நின்றான்.

"நானா, இந்த மாதிரி இன்னும் இருக்குங்களா?"

"என்னத்துக்கு ஒங்களுக்கு? சீனி வேணுமா, கடதாசி வேணுமா?"

"கடதாசிங்க."

"நல்ல கதை! இத்தன வருசமா யாவாரம் பண்றன், சீனியக் கொட்டிட்டுக் கடதாசி கேட்ட மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்துவிட்டு, பெட்டியடியில் கிடந்த மீதித் தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் பங்களாச் சாமான்களோடு வந்த புத்தகமாம். பழங்காலத்தில் சீமைச் சாமியார்கள் கையால் எழுதிய வேதப் புத்தகங்களைப் பார்த்து அச்சடித்த படங்கள் அவை என்று பின்னால் ஒரு பாதிரியார் சொன்னார்.

என் மனைவி அந்த நத்தையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நத்தைக்கே ஈட்டி எடுக்கிறானே, இவனை நம்ம மலையில விட்டு அட்டை ஏறினா என்ன பண்ணுவான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் எழுத்தை இப்படிப் போட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தமிழ் எழுத்தில் சிலவற்றுக்குத்தான் அறை உண்டு. 'ட'வுக்குச் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. உள்ளே யாரை உட்காரவைத்தாலும் நனைந்துபோவார்கள். 'ம'வுக்கு நல்ல சதுரமான அறை. 'ற'வுக்கு இரண்டு வளைவும் குகைபோல. 'செ' என்றால் முன்னால் இருக்கும் கொம்பைக் கொடியாக்கி மேலே ஏற்றிவிடலாம். ஈரப்பலகையில் கரியால் போட்டுப் போட்டு அழித்தேன். பெட்டிகளில் மற்றவர் வெட்டிய தகட்டுக்குள் குத்திப் பழகிய கைக்கு, தானாக ஒரு கோடு இழுப்பது புதிதாக இருந்தது.

கறுப்புக்கு விளக்குக் கரி. பொன்னுக்கு, ஸ்டோரில் வெட்டி எறிந்த ஈயத்தாள் துண்டுகள். அவற்றைக் கரண்டியின் முதுகால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒட்டி, மேலே மஞ்சள் பூசினால் பொன்போலவே மினுங்கும். மற்ற நிறங்களுக்கு நானாவிடம்தான் போனேன். சிவப்புக்கு ஈயச்செந்தூரம், மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்துக்குத் துருசு. அரிதாரத்தைப் பொட்டலம் கட்டும்போது அவர் சிரிக்கவில்லை.

"இது நஞ்சு, தெரியும்தானே? கையக் கழுவாமச் சோத்துல வெச்சிராதீங்க. வீட்டுல புள்ளகுட்டி இருக்கா?"

"இல்லீங்க."

"அப்பச் சரி."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த எச்சரிக்கை எனக்குச் சொன்னதல்ல என்பதுபோலப் பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். எங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் லயம் என்கிற அந்த வீட்டு வரிசை முழுக்கப் பிள்ளைகள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தாளில் போட்ட முதல் எழுத்தை எங்கள் கதவில் ஒட்டினேன். மனைவியின் பெயரின் முதல் எழுத்து. தண்ணீருக்குப் போகிற பெண்கள் குடத்தோடு நின்று பார்த்தார்கள். "சாமித் தகடா அண்ணே?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்ல, சும்மா எழுத்துதான்" என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது. அவர்கள் அப்படிக் கேட்டதில் தப்பும் இல்லை. மந்திரவாதி எழுதித் தருகிற எந்திரத் தகட்டில் சுற்றிலும் கட்டம் இருக்கும், நடுவில் ஒரு எழுத்து இருக்கும், உலோகம் மினுங்கும். என்னுடையதிலும் எல்லாம் இருந்தன. கூடவே பூவும் முயலும் இருந்ததால் இன்னும் பலமான தகடு என்று நினைத்தார்கள்.

பக்கத்து வீட்டுக் காம்பராக்காரிக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். அதை ஒட்டிய மறுநாள், காணாமல்போன அவளுடைய ஆடு தானாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! மேல் லயத்திலிருந்தும் கீழ் லயத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். முருங்கைக்காய், முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். வாழ்நாள் முழுக்க யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. இப்போது வாசலில் காத்திருந்தார்கள்.

"மந்திரம் இல்லன்னு சொல்லிருங்க" என்றாள் மனைவி.

"சொன்னேனே."

"ஆமா, சொன்னீங்க. பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுச் சொன்னீங்க."

நான் தூரிகையைக் கழுவினேன். கூச்சத்தினால்தான் அவர்களிடம் உரக்கச் சொல்லவில்லை என்று அவளிடம் காட்டிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. சொல்லிவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள்.

கீழ் லயத்திலிருந்து ஒரு பெண் காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்தது மழைக்காலத்தில். பிள்ளைக்குப் பேசத் தொடங்கிய வயது. தலை தாயின் தோளில் துவண்டு கிடந்தது.

"இவ பேருக்கு ஒரு எழுத்துப் போட்டுத் தாங்கண்ணே."

"டிஸ்பென்சரிக்கு..."

"போனேண்ணே. கசப்புத் தண்ணி குடுத்தாரு. துப்பிட்டா. ஒங்க எழுத்து கேட்டுத்தான் வந்தேன்."

இன்னொரு முறை போ என்று சொல்லியிருக்கலாம். நானே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் செய்தது, பிள்ளையைப் பார்த்து, "உள்ள என்ன வரையட்டும்?" என்று கேட்டது. அவள் கண்ணைத் திறந்து, "கிளி" என்றாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்ததே அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று தாய் அழுதாள்.

பிள்ளையின் பெயர் 'மா'வில் தொடங்கும். துருசையும் அரிதாரத்தையும் பிசின் தண்ணீரில் குழைத்தால் நல்ல கிளிப்பச்சை வரும். அன்று மாலை முழுக்க நான் நினைத்தது அந்தப் பச்சையைத்தான். கழுத்து வளையத்துக்குச் செந்தூரம். கண்ணைச் சுற்றி ஈயத்தாளில் ஒரு மெல்லிய வட்டம். 'ம'வின் அறையில் அது தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த விதம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. நான் போட்டதிலேயே நல்ல எழுத்து அதுதான். நோயாளிப் பிள்ளைக்கு என்று எடுத்த வேலையில் பிள்ளையை மறந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் தாய் வந்து அதை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாள் நடுப்பகலில், என்றைக்கும் ஸ்டோர் பக்கம் வராத என் மனைவி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"என்னாங்க, கீழ் லயத்துக்காரி நீங்க போட்ட எழுத்தத் தண்ணியில கரைச்சுக்கிட்டிருக்காளாம். புள்ளைக்குக் குடுக்கவாம். பீலிக்கரையில தண்ணி புடிக்கிறப்ப சொன்னாங்க."

கையிலிருந்த தகட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பெட்டிமேல் விழுந்த கறுப்பைக்கூடத் துடைக்கவில்லை. படிக்கட்டு வழியாகப் போனால் தூரம் என்று தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினேன்.

அவள் காம்பராவுக்குள் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் அழுக்குப் பச்சையாகத் தண்ணீர் இருந்தது. ஈயத்தாள் துண்டு ஒன்று ஓரத்தில் ஒட்டியிருந்தது. தாள் வெறுமையாகிக் கிளியின் நிழல் மாத்திரம் தெரிந்தது. பிள்ளை பாயில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தாய் கோப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

"குடுக்காதே! அது நஞ்சு!"

என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவள் கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"என்னண்ணே சொல்றீங்க? நீங்க எழுதிக் குடுத்ததுதானே?"

அவள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பதுளைப் பள்ளிவாசல் பக்கம் இருக்கும் லெப்பை, வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் எழுதி, அதைக் கழுவி ஓதிக் கொடுப்பார். எங்கள் ஆட்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போவது வழக்கம். மூத்த பிள்ளைக்கு அப்படிக் கொடுத்துக் குணமானதை அவள் கண்ணால் பார்த்தவள். எழுத்து என்றால் கடைசியில் உள்ளே போக வேண்டியது. அது அவளுக்குச் சொல்லித்தர வேண்டாத சங்கதி. எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன குடுத்தனீங்கள்?"

தாய் என்னைப் பார்த்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அரிதாரம், செந்தூரம், துருசு, ஈயம். அவர் முட்டை வெள்ளைக்கரு கொண்டுவரச் சொல்லிப் பாலில் அடித்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"படம் கீறுறதெண்டா கீறும். அதை ஏன் காணும் பிள்ளைக்கு ஊட்டினீர்?"

"நான் ஊட்டலீங்க" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தச் சமயம் பேசாமல் இருந்ததை மட்டும் நான் இன்றைக்கும் சரி என்று நினைக்கிறேன்.

அவள் பிழைத்தாள். துருசு வாந்தியைக் கொண்டுவரும், அதனால் மற்றதெல்லாம் வயிற்றில் தங்காமல் வெளியே போய்விட்டது, இல்லாவிட்டால் கதை வேறு என்று ஐயா பிறகு சொன்னார். சில நாளில் பழைய காய்ச்சலும் இறங்கியது. நான் இனி நிம்மதியாக மூச்சுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் தாய் லயம் முழுக்கச் சொன்னது வேறு.

"உள்ள இருந்த கெட்டதையெல்லாம் கிளி கொத்தி வெளிய தள்ளிருச்சு!"

ஐயா சொன்னதையும் அவள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதுதான் என் கஷ்டம். அன்றிலிருந்து என் எழுத்து கதவில் ஒட்டுவது என்பது போய், கரைத்துக் குடிப்பது என்று ஆகிவிட்டது. எத்தனை கதவுகளில் அது ஒட்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவு கதவாகப் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேச்சு நான் பேசியதில்லை.

"அந்த எழுத்தத் திருப்பிக் குடுங்க. அதுல நஞ்சு இருக்கு."

"கீழ் லயத்துப் புள்ளைக்கு மருந்து, எங்களுக்கு மட்டும் நஞ்சா?" என்றாள் ஒருத்தி.

"குடுத்தத் திரும்பக் கேக்குற மந்திரவாதிய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஒரு கிழவர். "அப்ப எங்க முட்டையத் திருப்பிக் குடுங்க. ஒடைக்காம குடுக்கணும்!"

லயமே சிரித்தது. சிலர் பரிதாபப்பட்டுக் கொடுத்தார்கள். பலர் கதவிலிருந்து உரித்து டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டார்கள். இப்போது அது கண்ணுக்கும் தெரியாது. எங்காவது பிள்ளை வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவேன். மனைவி என் தட்டை மூடி வைப்பாள்.

வழி சொன்னதும் அவள்தான். "கேட்டாக் குடுக்கமாட்டாங்க. மாத்திக் குடுத்தாத்தான் குடுப்பாங்க. புதுசு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் பழச வாங்குங்க."

அப்படியே செய்தேன். மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குக் கீரைச்சாறு, சிவப்புக்குப் பசளிப்பழம், அரிசிக் கஞ்சியில் குழைத்தது. ஒவ்வொரு முறையும் குழைத்ததில் ஒரு மடக்கு நானே குடித்துப் பார்த்தேன். புதிய எழுத்துகள் சோகையாக இருந்தன. "பழசுல மினுக்கம் இருந்துச்சே" என்று பெண்கள் தயங்கினார்கள். அவர்கள் தயக்கத்தைத் தீர்க்க நான் சொன்ன வார்த்தை: "இதுதான் கரைச்சுக் குடிக்க நல்லது."

மந்திரம் இல்லை என்று சொல்ல வராத வாய் இதை மட்டும் தெளிவாகச் சொன்னது. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அவர்கள் பழையதைத் தந்திருக்கமாட்டார்கள். நஞ்சை வாங்குவதற்காக நான் அவர்கள் நினைத்த மந்திரவாதியாகவே ஆனேன். "காய்ச்சல்னா மொதல்ல டிஸ்பென்சரி, அப்புறம் இது" என்று கூடவே சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஸ்டோருக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். முள்ளம்பன்றி இருந்த 'க', கொசு பறந்த 'ற', எல்லாம் குழிக்குள் போயின. புதைக்கும்போது அவற்றின் அழகைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

ஒன்று மட்டும் வரவில்லை. 'செ'. அதை வாங்கிய குடும்பம் கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. கொஸ்லந்தைப் பக்கம் என்று தெரிந்ததும் லீவு கேட்டேன். பண்டாரவளை வழியாக, பாதி வண்டியிலும் பாதி நடையிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். மடியில் புதிதாகப் போட்ட ஒரு 'செ' வைத்திருந்தேன். அந்தக் குடும்பத்துப் பெண் பெரட்டுக்களத்தில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும்வரை லயத்து வாசலில் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். "எங்க ஊட்ட ஞாபகம் வச்சு இவ்வளவு தூரம் வந்தீங்களாண்ணே?"

விஷயத்தைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஐயோ, அது இங்க இல்லியே. தங்கச்சி தலப்பிரசவத்துக்கு ஊருக்குப் போனா. புள்ளைக்கு நல்லதுன்னு அவ முந்தானையில முடிஞ்சு அனுப்பினேன். கப்பல் ஏறிருப்பா."

"எந்த ஊரு?"

திருச்சிப் பக்கம் ஒரு பெயர் சொன்னாள். நான் பிறந்ததே இங்கே, கடலுக்கு இந்தப் பக்கம்தான். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி அனுப்பு என்றேன். குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், தொடவே வேண்டாம். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"இது எனக்குக் கொண்டு வந்ததாண்ணே?"

புதிய எழுத்து என் கையில் பிரிந்திருந்தது. மடியில் வியர்வை பட்டுக் கீரைப்பச்சை கொஞ்சம் ஊறிப்போயிருந்தது. ஆமாம் என்று கொடுத்துவிட்டு ரோட்டுக்கு ஏறினேன். இன்றைக்கும் கொஸ்லந்தைப் பக்கமிருந்து வருகிறவர்களிடம், அந்தத் தங்கச்சி திரும்பி வந்தாளா, குழந்தையோடு வந்தாளா என்று விசாரிப்பேன். இதுவரை யாருக்கும் தெரியவில்லை.